படி இல்லாத வீடு

நோராவின் முகத்தைவிட முதுகுதான் அந்தச் சபைக்கு நன்றாகப் பழக்கம். பெங்களூர் கண்டோன்மெண்டில் இருந்த ஒரு தமிழ்க் கோயிலில், கவுன் போட்டுக்கொண்டிருந்த வயதிலிருந்தே அவள்தான் பெடல் ஹார்மோனியம் வாசித்தாள். புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும் சொல்லுகிற காலம் அது. ஹார்மோனியம் சுவரைப் பார்த்து இருந்தது. ஐயர் எப்போது எழுந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள அதன்மேல் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். சபை அவளுடைய கொண்டையைப் பார்த்துக்கொண்டு பாடும். அவள் கண்ணாடிக்குள் சபையைப் பார்த்துக்கொண்டு வாசிப்பாள்.

அவளுடைய அப்பா அலெக்சாண்டர் ஒரு வெள்ளைக்காரக் கர்னல் பங்களாவில் பட்லர். கர்னலின் மனைவிக்குப் பிள்ளை இல்லை, பியானோ இருந்தது. பொழுது போகாமல் பட்லர் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவைப் பிளேக் கொண்டுபோய்விட்டது. தன் கண் மூடுவதற்குள் பெண்ணை ஒரு நல்ல கிறிஸ்தவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கு இருந்த ஒரே கவலை.

கிளாரன்ஸைப் பார்த்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. ராணுவ ஸ்டோர்ஸில் கிளார்க். கோயிலில் வேதபாடம் வாசிப்பவன். அவன் குரலைக் கேட்கவென்றே சில கிழவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசி வேறு. ஒரு சொட்டு நாக்கில் படாதவன். சபைக்கு இந்த விஷயத்தில் ஓர் அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது: பெண்டாட்டியை அடிப்பவன் குடிகாரன், குடிக்காதவன் அடிக்கமாட்டான். எந்தப் புத்திசாலி இதைக் கண்டுபிடித்தானோ, அவனைத்தான் முதலில் பிடித்து உதைக்க வேண்டும்.

ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய மறு வருஷம் கல்யாணம் நடந்தது. முதல் அடி விழ அதிக நாள் ஆகவில்லை. சட்டையில் ஒரு பித்தான் தைக்காமல் விட்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். அடித்த கையாலேயே கிளாரன்ஸ் அவள் கண்ணைத் துடைத்தான், பக்கத்தில் மண்டிபோட்டு ஜெபம் பண்ணினான், அழுதான். அவன் அழுததைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போய்விட்டது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்தாலும், பரீட்சை தேறினாலும், காய்ச்சல் விட்டாலும் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். ஆராதனைக்கு முன்னால் ஐயர் அறைக்குப் போய்க் காணிக்கையைக் கொடுத்து, காரணத்தைச் சொல்லிவிட்டு வரவேண்டும். பிரசங்கம் முடிந்ததும் ஐயர் அதைச் சபைக்கு அறிவிப்பார். உடனே ஹார்மோனியம் சுருதி கொடுக்கும், சபை எழுந்து நின்று ஸ்தோத்திரக் கீர்த்தனையில் ஒரு சரணம் பாடும். அழகான வழக்கம்தான். ஒருவர் வீட்டுச் சந்தோஷத்தை ஊரே எழுந்து நின்று பாடுகிறது, அதில் என்ன குறை சொல்ல முடியும்?

நோராவின் உதடு கிழிந்து ஆறிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்வால்ட் ஐயர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நமது சகோதரர் கிளாரன்ஸ், தம் மனைவி நோரா அம்மாள் படியில் தவறி விழுந்து சுகமடைந்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறார்."

சபை எழுந்தது. நோரா சுருதி கொடுத்தாள். வேறென்ன செய்வாள்? தான் வாங்கிய அடிக்குத் தானே பாட்டு வாசித்தாள்.

அதற்குப் பிறகு அவள் விழுந்துகொண்டே இருந்தாள். மழையில் வழுக்கி விழுந்தாள், குளியலறையில் விழுந்தாள், திரும்பத் திரும்பப் படியில் விழுந்தாள். ஒவ்வொன்றுக்கும் கிளாரன்ஸ் தவறாமல் காணிக்கை கொடுத்தான். அவன் ஊரை ஏமாற்றுவதற்காக மட்டும் அப்படிச் செய்தான் என்று சொல்லிவிட முடியாது. காணிக்கை கொடுத்ததும் அவன் மனசு லேசாகிவிடும், அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிடுவான். ஒரு தடவை அவளுடைய வலது கை மோதிர விரல் ஒடிந்து கோணலாகக் கூடிக்கொண்டது. இரண்டு மாதம் கோயிலில் ஹார்மோனியம் இல்லை. பாட்டில் களையே இல்லையே என்று சபை முழுவதும் அங்கலாய்த்தது. விரல் எப்படி ஒடிந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை. அதான் ஐயர் சொல்லிவிட்டாரே, படியில் விழுந்தாள் என்று!

கேட்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஒரே ஒரு தடவை ஆஸ்வால்ட் ஐயர் கேட்டார். மாதத்தில் ஒருநாள் ஜெபக்கூட்டத்துக்கு அவர்கள் வீட்டுக்கு வருவார். அப்படி வந்தபோது அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா நோரா, எல்லாம் நல்லா இருக்கீங்கல்ல?" என்றார். பக்கத்து நாற்காலியில் கிளாரன்ஸ் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நல்லா இருக்கோம் ஐயரே," என்றாள் அவள். ஐயர் குடும்ப சமாதானத்துக்காக நீளமாக ஜெபம் பண்ணிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். கெட்ட மனுஷர் இல்லை. கேள்வியை யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறோம் என்று யோசிக்காத நல்ல மனுஷர், அவ்வளவுதான்.

அப்போது அவர்கள் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் மைசூர் சமஸ்தான ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்திலேயே குடியிருந்தார். அவர் மனைவி பாமா ஒருநாள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு நோராவின் நெற்றியைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு நெத்தியில?"

"படியில விழுந்துட்டேன் மாமி."

பாமா சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு அந்த வீட்டு வாசலைப் பார்த்தாள். பிறகு, "நோரா, அந்த வீட்டை நாங்கதான் கட்டினோம். எங்காத்துக்காரருக்கு முழங்கால் வலி, வயசான காலத்துல அங்க குடிபோகலாம்னு நெனச்சுண்டு, வாசல்லகூட ஒரு படி வைக்கலை," என்றாள். குரலைத் தணித்துக்கொண்டு, "பின்னால ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. எப்ப வேணா வரலாம். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு நோரா சமையலறையில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். இத்தனை வருஷத்தில் முதல்முதலாக ஒரு மனுஷி அவளை நம்பவில்லை. அதுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் அவள் போகவில்லை. கோயிலில் கைகோத்துக் கொடுத்த கல்யாணம், ஐயர் முகத்தில் எப்படி விழிப்பது, டோரீனுக்கு நாளைக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பார்கள் என்று ஆயிரம் யோசனை.

டோரீன் அவர்களுடைய ஒரே மகள். பத்து வயதில் அப்பாவைப் போலவே குரல். மகள்மேல் கிளாரன்ஸ் கைவைத்ததில்லை. அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் நோரா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். தன் உடம்பு குறுக்கே இருக்கும்வரை மகளுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தப்பிப்போயிற்று. நோரா கடைக்குப் போயிருந்தபோது டோரீன் அப்பாவின் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டாள். கிளாரன்ஸ் விட்ட அறையில் அவள் இடது காதில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, ஆனால் அந்தக் காது இனி கேட்காது என்றார்.

மூன்று வாரம் கழித்து டோரீனைப் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நோரா ஹார்மோனியத்துக்குப் போனாள். பிரசங்கம் முடிந்தது. ஆஸ்வால்ட் ஐயர் எழுந்தார்.

"நமது சகோதரர் கிளாரன்ஸ், தம் மகள் டோரீன் படியில் தவறி விழுந்து சுகமடைந்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறார்."

சபை எழுந்து நின்றது. சுருதி வரவில்லை.

நோரா கண்ணாடிக்குள் பார்த்தாள். டோரீனும் மற்றவர்களோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள். நல்ல காதை முன்னால் திருப்பி, இன்னும் ஏன் பாட்டு வரவில்லை என்று உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நோராவின் கைகள் கட்டைகளைவிட்டு மடிக்கு இறங்கின. எத்தனையோ வருஷமாகச் சபைக்கு முதுகு காட்டியே இருந்தவள் எழுந்து திரும்பி நின்றாள்.

"என் பொண்ணு விழலை ஐயரே. நானும் ஒருநாளும் விழலை. எங்க வீட்டுல படி ஏது? நீங்க மாசாமாசம் வந்துட்டுப் போறீங்களே. இங்க இருக்கற எல்லாரும்தான் ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்கீங்க. யாராவது ஒரு படி ஏறினீங்களா?"

அத்தனை பேருக்கும் அந்த வீட்டு வாசல் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே நடந்து போனவர்கள்தான் எல்லாரும். அந்த ஒரு நிமிஷம் ஆஸ்வால்ட் ஐயர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லை, இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். அவர் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சுருதியே இல்லாமல், ஸ்தோத்திரக் கீர்த்தனையைத் தானே எடுத்துப் பாட ஆரம்பித்தார். சபை அவரோடு சேர்ந்துகொண்டது. பாட்டில் எல்லாம் முங்கிப்போயிற்று. நோரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அன்று சாயங்காலமே பாமாவின் வீட்டுப் பின்னறையில் அவளுடைய டிரங்குப் பெட்டி இறங்கியது.

கோயில் கமிட்டி கூடியது. வீட்டு விஷயத்தைக் கோயிலில் போட்டு உடைத்தது தப்பு என்று முதலில் நோராவைக் கண்டித்தார்கள். கிளாரன்ஸ் எல்லார் முன்னாலும் மண்டிபோட்டு, குலுங்கிக் குலுங்கி அழுது மன்னிப்புக் கேட்டான். கமிட்டியாருக்கே கண் கலங்கிவிட்டது.

"அவரு இவ்வளவு தூரம் இறங்கி வந்துட்டாரு. மன்னிக்கறதுதானேம்மா கிறிஸ்தவளுக்கு அழகு?" என்றார் ஆஸ்வால்ட் ஐயர்.

"மன்னிச்சுட்டேன் ஐயரே. ஆனா அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்."

"அப்ப மன்னிக்கலைன்னுதானேம்மா அர்த்தம்?"

"இல்லை ஐயரே. மன்னிப்பு அவருக்கு. வீடு என் பொண்ணுக்கு. அவ இன்னொரு காதையும் நான் கொடுக்க முடியாது."

இது ஒன்றும் புரியாத வேதாந்தம் இல்லை. ஆனால் கமிட்டியில் ஒருவருக்கும் ஏறவில்லை. புருஷனோடு சமாதானமாகித் திரும்பும்வரை அவள் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற திருவிருந்துப் பந்திக்கு வரக்கூடாது, ஹார்மோனியத்தைத் தொடக்கூடாது என்று முடிவு பண்ணினார்கள். கிளாரன்ஸ் மன்னிப்புக் கேட்டவன் ஆயிற்றே, அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பந்தியில் கலந்துகொண்டான், வேதபாடமும் வாசித்தான். அடித்தவனுக்கு அப்பமும் ரசமும், அடிவாங்கியவளுக்குக் கடைசி பெஞ்சு.

அந்தக் கடைசி பெஞ்சை நோரா விடவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். கோணல் விரலோடு பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தாள். வேறு கோயிலுக்குப் போயேன் என்று டோரீன்கூடச் சொல்லிப் பார்த்தாள். "அது என் கோயிலும்தாண்டி," என்று சொல்லிவிட்டாள். திருவிருந்து அன்று எல்லாரும் வரிசையாக எழுந்து போகும்போது அவள் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாத வேதனை. வீட்டில் பட்ட அடியாவது ஆறியது.

வீட்டைவிட்டு வந்த நாள் வருஷா வருஷம் வரும்போது, ஐயர் அறைக்குப் போய்க் காணிக்கை கொடுத்துக் காரணம் சொல்வாள்: "என் வீட்டுல யாரும் யாரையும் அடிக்காம இந்த வருஷம் கடந்ததுக்கு." ஆஸ்வால்ட் ஐயர் வாங்கிக்கொள்வார். ஆனால் சபையில் அறிவிக்கும்போது, "நோரா அம்மாள் ஸ்தோத்திரம் செலுத்துகிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். காரணம் அவர் தொண்டையைத் தாண்டி ஒருநாளும் வெளியே வரவில்லை.

கிளாரன்ஸ் மார்வலியில் செத்தான். கோயில் கொள்ளாத கூட்டம். அவன் குரலைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோராவும் அழுதாள். எதற்கு அழுதாய் என்று பாமா கேட்டதற்கு, "தெரியலை மாமி. அவர் நல்லாத்தான் பாடுவார்," என்றாள். சமாதானமாகிக்கொள்ளப் புருஷனே இல்லை என்று ஆன பிறகும் பந்தித் தடையை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறந்தே போனார்கள். டோரீன் டீச்சர் டிரெயினிங் முடித்து, கோலார் தங்கவயலில் வேலைக்குப் போய்விட்டாள்.

ஆஸ்வால்ட் ஐயர் ஓய்வு பெற்றுப் போக, டென்சில் ஐயர் என்ற சின்ன வயதுக்காரர் வந்தார். வந்த புதிதில் ஒருநாள், நோரா மட்டும் இருக்கிற நேரம் பார்த்து அவள் அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "அம்மா, ஏன் நீங்க பந்திக்கு வர்றதில்லை?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தார். அவள் சொல்லி முடிக்கும்போது வெளியே தூறல் நின்றிருந்தது.

"அடுத்த ஞாயிறு பந்திக்கு வாங்க. கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன்," என்றார். கொஞ்சம் தயங்கி, "நான் வேற என்ன செய்யணும்மா?" என்றார்.

"யாராவது விழுந்தேன்னு சொன்னா, போய்ப் பாருங்க ஐயரே. தனியாக் கேளுங்க. புருஷனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேக்காதீங்க."

யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. இப்போது ஹார்மோனியம் வாசிக்கிறவள் மௌரீன். போன வருஷம் கல்யாணமாகி வந்தவள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து சுகமானதற்காக அவள் புருஷன் டெஸ்மண்ட் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் காணிக்கை கொடுத்திருந்தான். சுட்டெரிக்கிற ஏப்ரலிலும் மௌரீன் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். கடைசி பெஞ்சில் இருந்த நோரா அதைக் கவனித்துவிட்டாள்.

டென்சில் ஐயர் போனார், இரண்டு தடவை போனார். டெஸ்மண்ட் அறையைவிட்டு நகரவே இல்லை. மரியாதையாக வரவேற்று, பெண்டாட்டி பேச வேண்டியதையெல்லாம் அவனே பேசி அனுப்பிவைத்தான். திரும்பி வந்து ஐயர் நோராவிடம் கையை விரித்தார்.

"அப்படின்னா என் காணிக்கையை நான் சொல்றபடியே சொல்லுங்க. ஒரு வார்த்தை குறைக்காதீங்க. கேக்க வேண்டிய காது கேக்கட்டும்," என்றாள் நோரா.

வீட்டைவிட்டு வந்த நாள் அந்த வருஷம் அந்த ஞாயிறன்றே வந்தது; அவள் பந்தியில் மண்டிபோட்டு அப்பத்தைக் கையில் வாங்கிய நாளும் அதுதான். கமிட்டியில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். போகட்டும் என்று டென்சில் ஐயர் விட்டுவிட்டார். ஆராதனை முடிகிற சமயம் அவர் நிமிர்ந்து நின்று நிதானமாகச் சொன்னார்:

"நோரா அம்மாள், தம் வீட்டில் யாரும் யாரையும் அடிக்காமல் இந்த வருஷம் கடந்ததற்காக ஸ்தோத்திரம் செலுத்துகிறார்."

சபை எழுந்து நின்றது. ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். சுருதி வரவில்லை.

அந்த மௌனத்தை நோராவுக்குத் தெரியும். அது அவளுடைய மௌனம். எட்டிப் பார்த்தாள். மௌரீனின் கைகள் மடியில் கிடந்தன. டெஸ்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஹார்மோனியத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். நோரா பெஞ்சைவிட்டு வெளியே வந்து, அத்தனை பேர் பார்க்க நடுவழியில் நடந்து போய், ஒருகாலத்தில் தனக்கென்று இருந்த அந்த ஆசனத்தில் மௌரீனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் தலையைத் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எங்க வீட்டுல கிணறே இல்ல ஆன்ட்டி."

"தெரியும்மா," என்றாள் நோரா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

பின்னால் இப்போது பாட்டு ஆரம்பிக்கும் என்று எதிர்பார்த்து அவள் தோள் தானாகவே குறுகியது. பாட்டு வரவில்லை. ஹார்மோனியத்தின்மேல் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். டென்சில் ஐயர் தம்முடைய இடத்தைவிட்டு இறங்கி, அவர்கள் இரண்டு பேரையும் நோக்கி வந்துகொண்டிருந்தார். நாலு எட்டு தூரம்கூட இல்லை. தனக்கு அன்றைக்கு ஒருவரும் நடந்து வராத அந்தத் தூரத்தைப் பார்த்ததும் நோராவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.